ஒரு நிமிஷம் ஓடட்டும்

கிட்டுவைக் கூடத்தில் தெற்கே தலைவைத்துக் கிடத்தியபோது அங்கே இருந்தவர்கள்: அவன் மனைவி விசாலம், ஒரே பெண் வைஷாலி, கீழ் மாடியில் குடியிருக்கும் அண்ணா சங்கரன், விமான் நகரிலிருந்து ஓடிவந்த தங்கை ருக்மிணி, அவள் மகன் கோகுல்நாத், எதிர் ஃப்ளாட் சேவியர். சடங்கு செய்துவைக்கும் வாத்தியார் அதற்குப் பிறகுதான் வந்தார். வேறு யாரும் இல்லை. பின்னால் ஆளுக்கு ஒன்று சொன்னவர்களில் பாதிப்பேர் அன்று அந்த வீட்டுப் படி ஏறாதவர்கள்.

சங்கரன் குனிந்து தம்பியின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். முடிச்சு சரியாக விழவில்லை. துணியின் மறுமுனையைப் பிடிக்க வைஷாலி கையை நீட்டினாள். விரல்களில் கரி அப்பியிருந்தது.

"கையை அலம்பிண்டு வாடி," என்றாள் ருக்மிணி. "அப்பாவைத் தொடற கையா இது?"

வைஷாலி எழுந்து போய்த் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்தாள். நகக்கண்ணில் கறுப்பு அப்படியே இருந்தது. சங்கரன் அதைப் பார்த்தார். துணியின் நுனியை அவளிடம் கொடுத்தார்.

கிட்டு பிம்ப்ரிப் பக்கம் ஓர் இன்ஜின் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் வாங்கிய டீசல் காரை இன்னும் வைத்திருந்தான். கல்யாண வீட்டில் யாராவது வண்டி எப்படி என்று கேட்டுவிட்டால் போதும். "ஆயிரத்து முந்நூறு சிசி, நாலு சிலிண்டர். ரெண்டாயிரம் சுத்துலயே முழு இழுவையும் வந்துடும்" என்று ஆரம்பிப்பான். அதோடு நிறுத்த மாட்டான். புகையைத் திருப்பி உள்ளே அனுப்பும் வால்வில் கரி அடைக்கும். ஆயில் மாற்ற நாளைத் தள்ளினால் டைமிங் செயின் தளரும். இன்ஜெக்டருக்கு அடியில் வாஷர் கசியும். இன்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவிலிருந்து வரும் ரப்பர் குழாயை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் ஒருநாள் விட்டுவிடும். எல்லாவற்றையும் விரல்விட்டுச் சொல்வான். டிஃபென்ஸ் அக்கவுண்ட்ஸில் இருந்த சங்கரனுக்கு இது பிடிக்காது. சொந்தப் பொருளை நாலு பேர் முன்னால் குறை சொல்வது அவர் வளர்ந்த வழக்கம் இல்லை.

"பொண்ணு பார்க்க வந்தவாகிட்ட வியாதியெல்லாம் ஒப்பிக்கற மாதிரி இருக்குடா," என்பார்.

"வியாதி தெரிஞ்சாத்தானே அண்ணா நன்னா வெச்சுக்க முடியும்?" என்று கிட்டு சிரிப்பான்.

அந்த வண்டிக்கு ஒரு சட்டம் உண்டு. போய்ச் சேர்ந்ததும் அணைக்கக் கூடாது. டர்போ லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றிக்கொண்டிருக்கும். இன்ஜினை அணைத்தால் ஆயில் நின்றுவிடும், அது மட்டும் ஆயில் இல்லாமல் சூட்டில் சுற்றும், ஆகவே ஒரு நிமிஷம் ஓடட்டும் என்பான். கோயில் வாசலானாலும் மார்க்கெட் வாசலானாலும் அந்த வீட்டில் யாரும் உடனே கதவைத் திறப்பதில்லை. விசாலம் மடியில் தேங்காய்த் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வைஷாலி சின்னவளாக இருந்தபோது சத்தமாக அறுபதுவரை எண்ணுவாள். சங்கரன் மட்டும் உச்சுக்கொட்டிக்கொண்டு இறங்கி நடந்துவிடுவார்.

அன்று விடியும் நேரத்தில் கிட்டுவுக்கு நெஞ்சு அடைத்தது. ஆம்புலன்ஸ் தூரத்தில் இருக்கும் வாகட்டிலிருந்து வர வேண்டும் என்றார்கள். அவனே, "அது வரதுக்குள்ள நாம போயிடலாம். வைஷூ, வண்டியை எடு," என்றான். விசாலம் முன்னால் உட்கார்ந்தாள். சங்கரன் பின்னால் ஏறித் தம்பியைத் தோளில் சாய்த்துக்கொண்டார். சேவியர் ஸ்கூட்டரில் பின்னால் வந்தார்.

மேம்பாலம் ஏறும்போது முன்னால் ஏதோ பட்டென்றது. பிறகு நீளமாக ஓர் ஊதல் சத்தம். வண்டியின் வேகம் விழுந்தது. பின் கண்ணாடி முழுவதும் கறுப்புப் புகை.

"அப்பா, இழுக்கல," என்றாள் வைஷாலி.

கிட்டு கண்ணைத் திறக்கவில்லை. "குழாய் கழண்டுடுத்து. டர்போ காத்துதாம்மா போச்சு, இன்ஜின் இருக்கு. ரெண்டாவது கியர்ல போட்டுக்கோ. அழுத்தாதே. சீரா போ, அது கொண்டுவிட்டுடும்."

லாரிகள் ஹார்ன் அடித்துக்கொண்டே தாண்டிப் போயின. வண்டி மெல்ல மேட்டில் ஏறியது, இறங்கியது, ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றது. காவலாள் ஓடிவந்து கண்ணாடியைத் தட்டி, "தாயீ, காடி பந்த் கரா," என்று மராத்தியில் அணைக்கச் சொன்னான். ஸ்ட்ரெச்சரில் ஏற்றப்பட்ட கிட்டு ஒரு விரலைத் தூக்கினான்.

"ஒடனே அணைக்காதேம்மா. மூச்சு வாங்கட்டும்."

வைஷாலி சாவியில் கைவைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக் கதவருகில் நின்று சங்கரன் இரண்டு முறை கூப்பிட்டார். அவள் அணைத்துவிட்டு ஓடிவந்தபோது உள்கதவு மூடியாகிவிட்டது. ஒரு மணி நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தார். நெஞ்சில் பெரிய ரத்தக் குழாயே கிழிந்துபோயிருந்தது, வீட்டு வாசலிலேயே ஆஸ்பத்திரி இருந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார். விசாலம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். வைஷாலி அங்கே இல்லை.

சங்கரன் தேடிக்கொண்டு போனபோது அவள் பார்க்கிங்கில் பானெட்டைத் திறந்து, தோள்வரை கையை உள்ளே விட்டு, ஸ்க்ரூடிரைவரால் எதையோ இறுக்கிக்கொண்டிருந்தாள். அவருக்குக் கோபம் வந்தது. நாலு பேர் பார்க்கிற இடத்தில், பெற்றவன் உள்ளே கிடக்கிறபோது.

"என்னடி பண்றே?"

"கிளாம்ப் பெரியப்பா," என்றாள் நிமிராமல். "அம்மாவை இதுலதானே ஆத்துக்கு அழைச்சிண்டு போகணும்."

அவர் பக்கத்திலேயே நின்றார். பிறகு, அவள் கேட்காமலேயே, செல்போனில் விளக்கைப் போட்டு உள்ளே காட்டினார். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது கூடத்தில் வாத்தியார் தர்ப்பையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். பிள்ளை இல்லாததால் கர்மம் செய்ய வேண்டிய கோகுல்நாத் ஈர வேஷ்டியோடு நின்றான். நடையில் ருக்மிணி சொந்த ஊரான கோயம்புத்தூருக்குப் போனில் பேசுவது உள்ளே கேட்டது.

"வழியிலேயே நின்னுடுத்தாம் வண்டி. பாலத்து மேல. புகையா கக்கித்தாம். எதிராத்துக்காரர் கண்ணால பார்த்திருக்கார். இல்லேன்னா பொழைச்சிருப்பான்."

சேவியர் சங்கடத்தோடு எழுந்தார். "நான் நின்னுச்சுன்னு சொல்லலையே சார். புகை வந்துச்சு, மெதுவா போச்சுன்னுதான் அவங்ககிட்ட சொன்னேன்."

"நானும் எத்தனை தடவை மாமாகிட்ட சொன்னேன்," என்றான் கோகுல்நாத். "இந்த டப்பாவைத் தள்ளிவிட்டுட்டு எலெக்ட்ரிக் எடுங்கோன்னு. கேட்டாதானே. இன்ஜின்காராளுக்கே அவா இன்ஜின் கைகொடுக்கலைன்னா என்ன பண்றது."

வைஷாலி அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். நகக்கண்ணைப் புடவை நுனியால் துடைத்துக்கொண்டே இருந்தாள். விசாலம் அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

சங்கரன் கோகுலைப் பார்த்தார். பிணம் கிடக்கிற வீட்டில் குரலை உயர்த்தக் கூடாது என்பதால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

கிட்டுவைக் கீழே இறக்கி வேனில் ஏற்றினார்கள். கோகுல்நாத் அக்கினிச் சட்டியோடு முன்னால் ஏறிக்கொண்டான். சேவியர், "சார், நீங்க என் தம்பி கார்ல வாங்க," என்றார்.

"வேண்டாம். எங்க வண்டி இருக்கு," என்றார் சங்கரன். பிறகு மாடிப்படியில் நின்ற பெண்களைப் பார்த்து, "வைஷாலி, சாவி எங்கே?" என்றார்.

சாவி அவள் கையிலேயே இருந்தது. காலையிலிருந்து அதை அவள் கீழே வைக்கவில்லை.

"வந்து எடு."

ருக்மிணி பதறிப்போனாள். "அண்ணா, பொம்மனாட்டி மயானத்துக்கா? நம்மாத்துல வழக்கமா இது? அதுவும் அந்தத் தரித்திரம் பிடிச்ச வண்டியில."

"உள்ள வர மாட்டா. கேட் வரைக்கும்தான். வழக்கத்தை நான் பார்த்துக்கறேன்."

"ஊர்ல என்ன சொல்லுவா?"

"நீ போன்ல சொன்னதை விடவா?" என்றார் சங்கரன். முன் கதவைத் திறந்து உட்கார்ந்து மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார். எழுபத்துநாலு வயதில் அந்த வண்டியின் முன் இருக்கையில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

நிகடி மயானம் தூரமில்லை. வேனுக்குப் பின்னால் வைஷாலி மெதுவாக ஓட்டினாள். வண்டியில் ஊதல் சத்தம் இல்லை. புகையும் இல்லை. சிக்னலில் நின்றபோது அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"அத்தை சொல்றது பொய்னு எனக்குத் தெரியும் பெரியப்பா. அது இல்லை. நீங்க கூப்ட்டேள். அப்பவே நான் உள்ள வந்திருக்கலாம். ஒரு நிமிஷம் அவர்கூட இருந்திருக்கலாம். இன்ஜின் போனா போறதுன்னு வந்திருக்கலாம்."

சங்கரனுக்கு இன்ஜினைப் பற்றி ஒன்றும் தெரியாது. இந்த மாதிரி நேரத்தில் என்ன சொல்ல வேண்டும் என்பதும் தெரியாது. பச்சை விழுந்தது.

கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் அவள் வண்டியை நிறுத்தினாள். வேன் உள்ளே போய்விட்டது. வாத்தியார் கையைத் தட்டிப் பெரியவர் வர வேண்டும் என்று கூப்பிட்டார். கோகுல்நாத்தும் திரும்பிப் பார்த்தான்.

வைஷாலி சாவியைத் திருகப் போனாள்.

"இருக்கட்டும்," என்றார் சங்கரன்.

"கூப்டறா பெரியப்பா."

"கூப்பிடட்டும்."

அவர் கதவில் கைவைக்கவில்லை. கைகளை மடியில் கோத்துக்கொண்டு, முதுகு சாயாமல், எதிரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வைஷாலியும் எதிரே பார்த்தாள். இன்ஜின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. டாஷ்போர்டில் ஒட்டியிருந்த சின்னப் பிள்ளையார் லேசாக நடுங்கினார். வாத்தியார் இன்னொரு தரம் கையைத் தட்டினார். வைஷாலியின் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தன. அவள் எண்ணுகிறாள் என்று சங்கரனுக்குப் புரிந்தது.

அவள் எண்ணி முடித்து, சாவியைத் திருகினாள். அதன் பிறகுதான் அவர் இறங்கினார்.

கிட்டுவின் வண்டி பாலத்தின் மேல் நின்றுபோய்விட்டது, அதனால்தான் அவன் வழியிலேயே போய்விட்டான் என்று கோயம்புத்தூர்வரை இன்றும் ஒரு பேச்சு இருக்கிறது. அது தவறு. வண்டி எங்கேயும் நிற்கவில்லை. கிட்டு பேசிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குள் போனான். வண்டியை வைஷாலி வாசலில் அணைத்தாள், ஒரு நிமிஷம் ஓடவிட்ட பிறகு.