சின்னச் சுகவீனம்

"உங்க குடும்பத்துல யாருக்காவது புற்றுநோய் இருந்திருக்கா?" என்று நர்ஸ் லாரிபா கேட்டபோது கொனாடுவுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இல்லை என்றாள். அவள் குடும்பத்துப் பெண்கள் எண்பதைத் தாண்டித்தான் படுப்பார்கள். அம்மாவுக்கு எழுபத்தொன்று, இன்னும் தன் கையாலேயே உரலில் கிழங்கைப் போட்டு ஃபுஃபுக் களி இடிக்கிறாள். லாரிபா படிவத்தில் 'இல்லை' என்று குறித்துக்கொண்டு மார்பைச் சோதித்தாள். கைக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. நாற்பதுக்கு மேல் வந்து மார்பைப் படம் எடுத்துக்கொண்டால் போதும் என்று அனுப்பிவிட்டாள். கொனாடுவுக்கு அப்போது முப்பத்தாறு.

அவள் பொய் சொல்லவில்லை. அவள் ஊரான குமாசியில் பாதிப்பேர் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். குடும்பம் என்றால் அம்மா, அம்மாவைப் பெற்றவள், அந்த வயிற்று வழி. ரத்தம் அம்மா தருவது. அப்பா தருவது பேரும் மூச்சும். அப்பாவின் கூடப்பிறந்தவர்கள் வேறொரு குடும்பம். லாரிபா வடக்கத்திக்காரி. அவள் ஊரில் குடும்பம் என்றாலே அப்பா வழிதான். அதனால் அந்த 'இல்லை'யில் அப்பா வழியும் அடக்கம் என்று நினைத்துக்கொண்டாள்.

வேறொரு குடும்பம் என்பதைக் கொனாடுவின் நெஞ்சில் ஆணி அடித்துச் சொன்னவள் அத்தை பிராகோ. மூன்று வருடத்துக்கு முன் அப்பா அமங்க்வா இறந்தபோது, முறைப்படி சவப்பெட்டியை வாங்கிக் கொண்டுவந்து வைத்தவர்கள் பிள்ளைகள். இருநூறு பேர் கறுப்பும் சிவப்புமாக உட்கார்ந்திருந்த பந்தலில் அத்தை மைக்கை வாங்கி நன்றி சொன்னாள். கூடவே, பிள்ளைகள் இனி அவரவர் அம்மா வீட்டுக்குப் போகலாம், எங்கள் ரத்தம் அவர்களிடம் இல்லை என்றும் சொன்னாள். நாற்பதாம் நாள் அப்பா வீட்டுக்கு அத்தை பூட்டை மாற்றினாள். அதன் பிறகு சந்தையில் அத்தையைப் பார்த்தால் கொனாடு எதிர்ச்சாரிக்குப் போய்விடுவாள்.

அந்த அத்தை, கொனாடு லாரிபாவிடம் போய்வந்த சில மாதத்தில், ஒரு மழைநாளில், கையில் பிளாஸ்டிக் பையோடு, அவளுடைய தையல் கடை வாசலில் வந்து நின்றாள். இளைத்திருந்தாள். ரவிக்கையின் இடப்பக்கம் தட்டையாக இருந்தது. தையல்காரியின் கண் அதைத்தான் முதலில் பார்த்தது.

வந்தவருக்குத் தண்ணீர் கொடுத்த பிறகே என்ன சேதி என்று கேட்பது ஊர் வழக்கம். கொனாடு தண்ணீர் கொடுக்கவில்லை. அளவு கொடுக்க வந்திருந்த மீன்காரிதான் எழுந்து ஒரு தம்ளர் ஊற்றிக் கொடுத்தாள்.

அத்தை குடித்துவிட்டு, துணி வெட்டும் மேசையில் மூன்று போஸ்டர்களை விரித்தாள். சாவுக்கு அச்சடித்துச் சுவரில் ஒட்டுகிற போஸ்டர்கள். ஒன்றில் அவளுடைய அம்மா, ஒன்றில் தங்கை, ஒன்றில் அண்ணன் அமங்க்வா. மூன்றிலும் ஒரே வரி: 'சின்னச் சுகவீனத்துக்குப் பின்.' அத்தை அவற்றைக் கவிழ்த்துப் போட்டாள். பின்பக்கம் பென்சிலில் கோணல் எழுத்து. அம்மா, மார்பு, நாற்பத்து நாலு வயது. தங்கை, சினைப்பை, ஐம்பத்தொன்று. அண்ணன், ப்ராஸ்டேட் சுரப்பி, எழுபத்திரண்டு.

அத்தைக்கே நோய் வந்து ஒரு மார்பை எடுத்தபோது டாக்டர் இந்த விவரமெல்லாம் கேட்டாராம். வீட்டுப் பெட்டியிலிருந்து போஸ்டர்களைத் தேடி எடுத்து, உண்மையைப் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு போயிருக்கிறாள். அண்ணன் பிள்ளைகளையும் எச்சரிக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதும், அவர்கள் என் குடும்பமே இல்லை என்று சண்டை பிடித்திருக்கிறாள். அவரும் குமாசிக்காரர்தான். சிரித்துவிட்டு, பிள்ளைக்கு மரபணு அம்மாவிடமிருந்து பாதி, அப்பாவிடமிருந்து பாதி, அதில் உள்ள பழுதும் அப்படியே இறங்கலாம் என்று படம் போட்டுக் காட்டினார். நம்புவதற்கு அத்தைக்கு மூன்று நாள் பிடித்தது. நம்பியதும் மினிபஸ் ஏறிவிட்டாள். அமங்க்வாவுக்கு மூன்று மனைவியர், ஏழு பிள்ளைகள். கொனாடு ஐந்தாவது. முதல் நால்வரில் இருவர் பரிசோதனைக்குப் போனார்கள், ஒருத்தி கதவைத் திறக்கவில்லை, ஒருவன் நாயை அவிழ்த்துவிட்டான்.

"எனக்கு இருக்கிற பழுது உங்கப்பன்கிட்டயும் இருந்திருக்கு" என்றாள் அத்தை. "உனக்கு வந்திருக்கலாம், வராமயும் இருக்கலாம். பாதிக்குப் பாதி. வந்திருந்தாலும் நோயின்னு அர்த்தமில்ல. மத்தவங்களைவிட முன்னாடியே பார்த்துக்கணும், அவ்வளவுதான். போய் ரத்தம் குடு புள்ள."

"எங்கிட்டதான் உங்க ரத்தம் இல்லையே. மைக் பிடிச்சுச் சொன்னீங்க."

"சொன்னேன்."

"அப்போ மைக் பிடிச்சே திருப்பிச் சொல்லுங்க. அதுக்கப்புறம் ரத்தம் குடுக்கறேன்."

மீன்காரி தலையில் அடித்துக்கொண்டாள். "உசுரு உன்னோடது. அதை வெச்சு அவகூடப் பந்தயமா?"

கொனாடுவுக்கும் அது தெரிந்தது. ஆனாலும் வாயிலிருந்து வந்துவிட்டது, திரும்ப எடுக்கத் தெரியவில்லை. அத்தை போஸ்டர்களை மழை படாமல் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு, சனிக்கிழமை என் சித்தி மகன் சாவுச் சடங்குக்கு வா என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை கொனாடு பந்தலின் ஓரத்தில், யாரும் கூப்பிடாத விருந்தாளியைப் போல நின்றாள். அத்தை மைக் பக்கம் வரமாட்டாள் என்றே பாதி மனது சொன்னது. அத்தை வந்தாள். மைக்கை வாங்கினாள். ஒலிபெருக்கி ஒருமுறை கீச்சிட்டு அடங்கியது.

"என் அண்ணன் போஸ்டர்ல சின்னச் சுகவீனம்னு போட்டோம். பொய். ரெண்டு வருசம் புற்றுநோய்ல கெடந்தான். எங்கம்மாவுக்கும் அதுதான், தங்கச்சிக்கும் அதுதான், எனக்கும் அதுதான். அண்ணன் புள்ளைங்ககிட்ட எங்க ரத்தம் இல்லன்னு இதே வாயால சொன்னேன். அதுவும் பொய். இருக்கு."

இது துக்க வீடு, இங்கே இதையெல்லாம் பேசலாமா என்று குடும்பத் தலைவர் கைத்தடியைத் தட்டினார். இங்கே சொல்லாமல் எங்கே சொல்வது, நாம் பொய்யை அச்சடிக்கிற இடமே இதுதானே என்று அத்தை மைக்கிலேயே பதில் சொன்னாள். யாரோ சிரித்தார்கள். மேளக்காரன் ஒருவன் தெரியாமல் ஒரு அடி அடித்துவிட்டு விழித்தான்.

ஜெயித்த மாதிரி இருக்கும் என்று நினைத்து வந்த கொனாடுவுக்கு அப்படி எதுவும் தோன்றவில்லை. வெயிலில் ஒரு தோள் தாழ்ந்து நின்ற அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரவிக்கைக் கழுத்தைத் தப்பாக வெட்டிவிட்டால்கூட, துணிதான் சுருங்கிவிட்டது என்று வாடிக்கையாளரிடம் சாதிக்கிறவள் கொனாடு. அத்தையோ இருநூறு பேர் முன்னால் தான் சொன்ன சொல்லையே திரும்ப வாங்கிக்கொண்டு, அடுத்த ஆளுக்கு மைக்கைத் துடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை மருத்துவமனையில் லாரிபா பழைய படிவத்தை எடுத்துப் பார்த்துத் திகைத்துப்போனாள். "அத்தை குடும்பத்துல சேர்த்தி இல்லையா? எங்க ஊர்ல அத்தைதான் பொம்பள அப்பா." 'இல்லை'யை அடித்துவிட்டு மூன்று பேரையும், நான்காவதாகப் பிராகோவையும் எழுதினாள். அன்றிலிருந்து அவள் குடும்பம் என்ற சொல்லையே விட்டுவிட்டாள். அம்மாவோட ஆட்கள் யார் யார், அப்பாவோட ஆட்கள் யார் யார் என்று தனித்தனியாகத்தான் கேட்கிறாள்.

ரத்தம் தென்னாப்பிரிக்கா போய் ஏழு வாரத்தில் பதில் வந்தது. அந்தப் பழுது அவளிடமும் இருந்தது. உடனே எடுத்த படத்தில், எந்தக் கைக்கும் தட்டுப்படாத, பயறளவு கட்டி ஒன்று. பரவுவதற்கு முன்பே எடுத்துவிட்டார்கள்.

அத்தை தூக்குச்சட்டியில் ஆட்டுக்கறிச் சூப்போடு வந்து கட்டிலோரம் உட்கார்ந்தாள். கொனாடு அவளைப் பார்த்து, "வீட்டைத்தான் குடுக்கல, இதையாவது குடுத்தீங்களே" என்றாள். தையல் போட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டு கொனாடுவும், தட்டையான இடத்தைப் பிடித்துக்கொண்டு அத்தையும் சிரித்தார்கள்.

ஏழு பிள்ளைகளில் இன்னும் இரண்டு பேர் பாக்கி. மார்பை எடுத்த பக்கத்தில் அத்தையின் இடக்கை வீங்கியிருந்தது, பை தூக்க முடியவில்லை. இருவரில் ஒருவன், டெச்சிமானில் இருக்கும் பாஃபோ, நான் ஆம்பளை, எனக்கெதற்கு என்று போனை வைத்துவிட்டானாம். அப்பாவும் ஆம்பளைதானே என்றாள் கொனாடு.

உடம்பு தேறியதும், போஸ்டர்களுக்கு அளவாக நனையாத துணியில் ஒரு உறை தைத்துக்கொண்டு கொனாடுவே மினிபஸ் ஏறினாள். பாஃபோ கதவைத் திறந்து, தோளில் தொங்கிய நீள உறையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அந்த அத்தக்காரி உன்னையும் பிடிச்சுட்டாளா?"

"முதல்ல தண்ணி குடு" என்றாள் கொனாடு. "அப்புறமா சேதி கேளு."