நாலு வீட்டுக் குழி

மூடிக் கிடக்கும் தங்கச் சுரங்கத்தை ஒட்டிய கோரமண்டல் குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் பனி விலகவில்லை. ஈவ்லின் முழங்கை வரை சாணத்தில் கைவிட்டு நின்றிருந்தாள். தொட்டித் தண்ணீர் எலும்பைக் கடித்தது. சாணம் மட்டும் உள்ளே இளஞ்சூடாக இருந்தது. வைக்கோலையும் கல்லையும் விரலால் துழாவி எடுத்து வெளியே போட்டாள். சாணவாயுக் குழிக்குள் ஒரு கூழாங்கல் போனால்கூடக் குழாய் அடைத்துக்கொள்ளும். தூரத்தில் மாரிக்குப்பம் ரயில் கூவியது. பல வருடம் அந்த ரயிலில் நின்றபடியே பெங்களூர் போய், கண்ணாடிக் கட்டடத்தின் தரையைத் துடைத்துவிட்டுத் திரும்பியவள் அவள். இனி அதில் ஏறக் கூடாது என்பதுதான் அவளுடைய ஒரே வைராக்கியம்.

ராஜமாணிக்கம் முதலாளிக்கு ஆண்டர்சன்பேட்டையில் ஜவுளிக்கடை, இந்த மேட்டில் நிலம். நாலு குடும்பங்கள் விளைச்சலில் பங்கு என்று அதை வாரத்துக்கு எடுத்துத் தக்காளி போட்டிருந்தார்கள். முன்பெல்லாம் கிணற்றில் அவருடைய டீசல் இஞ்சின்தான் ஓடும். அதற்கென்று அவர் விளைச்சலில் கூடுதல் பங்கு எடுத்துக்கொள்வார். நாலு வீடும் சேர்ந்து சாணவாயுக் குழி கட்டி, பழைய இஞ்சின் ஒன்றை வாங்கி மாட்டிய பிறகு அந்தக் கூடுதல் நின்றுபோயிற்று. கொஞ்சம் டீசலில் கிளப்பி, வாயுவைத் திறந்துவிட்டால் போதும். மீதி வேலையை மாடுகள் பார்த்துக்கொண்டன. பாதி முதலாளிக்கு, பாதி உழைத்தவர்களுக்கு. வாழலாம் என்று தோன்றியது.

அன்றைக்கு வாயு வரவில்லை. குழாயைத் தட்டிப் பார்த்தும் பயனில்லை.

"உள்ளே ஏடு கட்டியிருக்கும். இறங்கிக் கிளறிட்டு வந்துடறேன்" என்றான் அவள் புருஷன் டைட்டஸ்.

சுரங்கம் மூடுவதற்கு முன் சில வருடங்கள் ஷாஃப்டில் இறங்கியவன் அவன். காற்று ஓடாத பழைய இடத்துக்குள் நுழையுமுன் சுடர் காட்டிப் பார்ப்பது அங்கே அவன் பழகியது. சுடர் அணைந்தால் காற்று கெட்டிருக்கிறது, எரிந்தால் இறங்கலாம். தங்கப் பாறையில் தீப்பிடிக்கும் வாயு இல்லை, அதனால் அந்தப் பழக்கம் அங்கே அவனைக் காப்பாற்றியது. இங்கே, குழாய்தான் காலியாக இருக்கிறதே, குழியும் காலிதான் என்று நினைத்துவிட்டான். மூடியைத் தள்ளி, கயிற்றில் கட்டிய மெழுகுவத்தியை இறக்கினான்.

ஈவ்லின் கத்துவதற்குள் குழி ஒரு பெருமூச்சு விட்டது. நீலமும் மஞ்சளுமாக ஒரு தீ மேலே வந்து, அவன் கைகளையும் புருவத்தையும் நக்கிவிட்டு அடங்கியது.

ஈவ்லின் சாணம் கலந்த தொட்டித் தண்ணீரை விட்டுவிட்டுக் கிணற்றுத் தண்ணீரை ஓடிப்போய் மொண்டு வந்து கைகளில் ஊற்றிக்கொண்டே இருந்தாள். சத்தம் கேட்டு வந்தது ராஜமாணிக்கத்தின் கார்தான். அவரே பின்கதவைத் திறந்து, சீட்டு அழுக்காகும் என்று பார்க்காமல் டைட்டஸை ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அந்த உதவி உண்மையானது. ஈவ்லின் அதற்காக அவர் பேரைச் சொல்லி ஜெபித்தாள்.

சில நாள் கழித்து மேட்டுக்கு வந்தவள், தன் பாத்தி காய்ந்து கிடக்கும் என்று நினைத்திருந்தாள். மண் ஈரமாக இருந்தது. வெறும் டீசலில் இஞ்சினை ஓட்டக் கட்டுப்படியாகாததால், மாடு வளர்க்கும் பாப்பம்மாவும் மற்ற வீட்டாரும் குடத்தில் சுமந்து ஊற்றியிருந்தார்கள். பாப்பம்மாவின் செடிகள் தலை தொங்கிக் கிடந்தன.

"அக்கா, உன்னுது வாடிக்கினு கீதே!"

"அடிபட்டவன் வேலையை முடிச்சிட்டுத்தான் நம்ம வேலைன்னு எங்க வூட்டுக்காரரு சொல்லுவாரு. ஷாஃப்டுல அப்டித்தானாம். நீ போய் அவனுக்குக் கஞ்சி காச்சு."

அப்போது கார் வந்து நின்றது.

"இன்னா ஈவ்லினு, டைட்டஸ் எப்டி கீறான்?"

"கண்ணு தப்பிச்சிது முதலாளி. கையில தோலு வர நாளாவுமாம்."

"பாவம். அந்தக் குழியை மூடிடுங்க. ஜேசிபி அனுப்பறேன். இனிமே என் இஞ்சினு, என் டீசலு. ரெண்டு பங்கு எனக்கு, ஒரு பங்கு உங்களுக்கு."

"மூட வேணாம் முதலாளி. குழி மேல தப்பு இல்ல. நெருப்பு காட்டினது எங்க தப்பு. இனிமே யாரும் உள்ள இறங்க மாட்டோம். மூடியைத் தொறந்துபோட்டு ஆற வெச்சிட்டு, வெளியில நின்னு மூங்கிலால கிளறுவோம்."

"வெடிச்சதைப் பார்த்துமா?"

பாப்பம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "போன வருசம் உங்க கொட்டாயில டீசலு பத்திக்கிச்சே முதலாளி, அதுக்காக டீசலை மண்ணு போட்டு மூடினீங்களா?"

யாரோ சிரித்தார்கள். ராஜமாணிக்கத்தின் முகம் சிவந்தது.

"மாடு வெச்சிருக்கிற திமிரு உனக்கு."

"மாடு போடுது, நான் அள்றேன். அதுல இன்னா திமிரு?"

அவர் ஈவ்லின் பக்கம் திரும்பினார். "என் கார்லதானே உன் புருசனை ஏத்திக்கினு போனேன்? மறந்துட்டியா?"

"சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன் முதலாளி. ஆனா அதுக்குக் குழியை விலையா கேக்காதீங்க."

அவர் கார்க் கதவைத் திறந்தார். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "இன்னிக்கே என் இஞ்சினுக்கு வர்றவனுக்கு மட்டும் இப்ப மாதிரியே பாதிப் பங்கு. மத்தவங்க இந்த அறுப்போட நிலத்தை வுட்டுடுங்க."

நாலு வீட்டில் ஒருவரான சைலஸ் தலையைக் குனிந்துகொண்டார். முதலில் நாற்று நட்டவர் அவர்தான். அவருடைய செடிகள்தான் முழுப் பூவில் இருந்தன. "பூ உதிர்ந்துட்டா நான் இன்னா பண்றது?" என்று யாரையும் பார்க்காமல் கேட்டுவிட்டு, காரின் பின்னால் நடந்தார்.

மறுநாள் விடியலில் கிணற்றடியில் முதலாளியின் இஞ்சின் தடதடத்தது. கரும்புகை பனியில் கரையாமல் தொங்கியது. தண்ணீர் சைலஸின் பாத்திக்கு மட்டும் பாய்ந்தது. மற்ற மூன்று வீட்டாரும் கிணற்றின் மறுபக்கத்தில் கயிறு போட்டு இழுத்து, குடம் குடமாகக் கைமாற்றினார்கள். கயிறு உள்ளங்கையை அறுத்தது. சைலஸ் பக்கம் ஒருவரும் பார்க்கவில்லை.

"அந்த ஆளு மூஞ்சியில முழிக்கவே கூடாது" என்றாள் பாப்பம்மா.

ஈவ்லின் மூன்று கல் வைத்து விறகு மூட்டி டீ போட்டாள். எல்லாருக்கும் ஊற்றினாள். எப்போதும்போல் சைலஸுக்கும் ஒரு டம்ளர் ஊற்றி, அவர் நின்ற இடத்துக்கு எடுத்துப்போனாள். இஞ்சின் இரைச்சலில் பேசினாலும் கேட்காது. கிணற்றுச் சுவர்மேல் டம்ளரை வைத்தாள்.

"ஆறிடப்போவுதுண்ணா" என்று கையால் காட்டிவிட்டுத் திரும்பினாள்.

அவருடைய பூக்களும் பூக்கள்தானே என்று அவளுக்குத் தோன்றியது. கோபத்தை வளர்த்தால் யாருடைய செடிக்கும் அது தண்ணீராகாது. அவளும் கயிற்றைப் பிடித்தாள்.

கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது. காது அடைத்துக்கொண்டதுபோல் ஒரு அமைதி. சைலஸ் இஞ்சினை அணைத்துவிட்டு, டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். டீயைக் குடித்திருக்கவில்லை.

"தொண்டையில எறங்கல ஈவ்லினு" என்றார். "குடத்தைக் குடு."

"இப்ப மட்டும் எங்கிருந்து வந்துச்சு புத்தி?" என்றாள் பாப்பம்மா.

"கேளு பாப்பம்மா, நல்லா கேளு. கேட்டுக்கினே கயித்தை இழு." அவர் கண்ணைத் துடைத்தார். "அந்தப் பாதிப் பங்கு நாலு வீட்டுக்கும்னா வாங்கிக்கலாம். எனக்கு மட்டும் வேணாம். குழியிலயும் நாளையிலேர்ந்து நானே மூங்கிலு போடறேன்."

"நிலத்தை வுட்டுப் போவச் சொன்னா?"

"நாலு வீடும் போகணும்ல? நாலு வீட்டையும் அனுப்பிட்டு யாரை வெச்சி விளைய வைப்பாரு? ஜவுளிக்கடைப் பொம்மையையா?"

பாப்பம்மா சிரித்துவிட்டாள். அதோடு அவளுடைய கோபம் பாதி போயிற்று.

"உன் பூவு?" என்று ஈவ்லின் கேட்டாள்.

"உதிர்ற வரைக்கும் உதிரட்டும்."

"அப்டி வுட மாட்டோம்ணா. எங்கே ரொம்ப வாடுதோ அங்கே முதல்ல ஊத்துவோம்." அவள் நகர்ந்து, தனக்கும் பாப்பம்மாவுக்கும் நடுவே அவருக்கு இடம் விட்டாள்.

குளிரில் புது வாயு சேர வாரங்கள் ஆகும். அதுவரை எத்தனை செடி பிழைக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஜேசிபி வருமா என்றும் தெரியாது. குடம் கையிலிருந்து கைக்குப் போனது. வழிந்த தண்ணீரில் எல்லாருடைய புடவையும் சட்டையும் நனைந்து உடம்பில் ஒட்டியது.

ரோட்டிலிருந்து முதலாளியின் கார் மேட்டுப் பக்கம் திரும்பும் சத்தம் கேட்டது. ஒருவரும் வரிசையை விடவில்லை.