பதினைந்தில் நிற்கும் முள்

பீர் மைதீன் நர்சிங் ஹோமின் ஆவிப் பாத்திரத்தின் மீது உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். கிணற்றடிக் கல்போலச் சில்லென்று இருந்தது. தலைக்கு மேல் அழுத்தம் காட்டும் கேஜின் முள்ளோ பதினைந்து பவுண்டில் அசையாமல் நின்றது.

"இது எப்பண்ணே ஓட்டுனது?"

"காலையில ஓட்டுனது, பாய்," என்றான் அட்டெண்டர் காசிராஜன். நாற்பது வயது ஆள். தானும் பேண்டேஜ் துணி ஆலையில் பாய்லர் பார்ப்பவன் என்று பீர் மைதீன் சொன்னதும், தொழில் பாசத்தில் அறையைத் திறந்துவிட்டிருந்தான்.

"காலையில ஓட்டுனதுக்கு இப்பவும் பதினஞ்சா?"

"அது எப்பவும் அங்கதான் நிக்கும். நல்ல மெஷினு."

பீர் மைதீனுக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. இருபத்திரண்டு வருஷமாக முள்ளைப் பார்த்தே கண் பூத்தவர் அவர். ஏறும் முள், இறங்கும் முள், தயங்கும் முள் எல்லாம் பார்த்திருக்கிறார். வேலையே செய்யாமல் எல்லாம் நலம் என்று சொல்லிக்கொண்டே இருக்கும் முள்ளை இப்போதுதான் பார்க்கிறார். அறுவைக் கத்தியும் கத்தரிக்கோலும் வெந்து சுத்தமாவது இந்தப் பாத்திரத்துக்குள்தான். மகள் ரஹ்மத்துன்னிசாவுக்கு வயிற்றில் பிள்ளை தலை மேலும் கால் கீழுமாக இருக்கிறது. அடுத்த புதன்கிழமைக்குள் ஆபரேஷன் செய்துதான் எடுக்கவேண்டும் என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். தலைப்பிரசவம், பெற்றவர்கள் பொறுப்பு. இடம் பார்க்கத்தான் குடும்பத்தோடு ராஜபாளையத்தின் இந்தப் புது நர்சிங் ஹோமுக்கு வந்திருந்தார்கள்.

மாடியில் மச்சினன் நைனா முகமது, தானே கட்டிய கட்டடம்போல அக்கா மெகராஜ் பேகத்துக்கு அறையைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தான். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பேன்சி ஸ்டோர் வைத்திருப்பவன். பளபளப்பு எங்கே இருந்தாலும் அவனுக்கு நம்பிக்கை வந்துவிடும்.

"தரையப் பாருக்கா, மொகம் தெரியுது. தலைமாட்டுல பட்டன் இருக்கு பாரு. அமுக்குனா போதும், நர்ஸ் ஓடி வரும்."

கட்டிலில் உட்கார்ந்திருந்த ரஹ்மத்துன்னிசா பட்டனை அமுக்கிப் பார்த்தாள். அப்போது பீர் மைதீன் உள்ளே வந்து முள்ளைப் பற்றி ஆரம்பித்ததால் பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது.

"மச்சான், நீங்க பேறுகாலத்துக்கு இடம் பாக்க வந்தியளா, பாய்லர் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தியளா?"

"சொல்லுதத செத்த கேளு. இட்லிக் கொப்பரையில நடுத்தட்டு சில நாள் வேகாம இருக்கும்லா? தட்டுக்கு இடையில காத்து அடைச்சுக்கிட்டா ஆவி அங்கன போகாது. இதுவும் அப்படித்தான். மொதல்ல உள்ள இருக்க காத்த வெளிய விரட்டணும். பொறவு ஆவிய அடைச்சு, பதினஞ்சு பவுண்டு ஏறி, அதுல அரைமணி நேரம் நிக்கணும். முள்ளு செத்துப்போச்சுன்னா ஏறுச்சா ஏறலையான்னு எவனுக்குத் தெரியும்?"

"எத்தன பிள்ளை பொறந்திருக்கு இங்க. எல்லாம் முள்ளப் பாத்தா பொறந்துச்சு?" என்றான் நைனா முகமது. "டாக்டருக்குக் கைராசி. அம்புட்டுதான்."

"கைராசிக்கு கேஜ் கெடையாதே," என்றார் பீர் மைதீன்.

"மானத்த வாங்காதிய," என்று மெகராஜ் பேகம் கணவரின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "வந்த எடத்துல இப்படியா?"

மத்தியானப் பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் போனார்கள். நைனா முகமது கடையைச் சாக்குச் சொல்லி வரவில்லை. அங்கே ஒரு டாக்டரம்மா நடத்தும் பழைய நர்சிங் ஹோம். சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது. மெகராஜ் பேகம் வாசலிலேயே முகத்தைச் சுளித்தாள்.

பீர் மைதீன் நேராக விஷயத்துக்கு வந்தார். தங்கபாய் என்ற மூத்த நர்ஸ் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வாங்க, பாருங்க," என்று கூட்டிப்போனாள். பாத்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அனல் அடித்தது. ஆனால் கேஜ் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு அடைப்பான் மட்டும் திருகியிருந்தது.

"முள்ளே இல்லையே, சிஸ்டர்."

"ஒடஞ்சு ஆறு மாசமாச்சு. மதுரையில சொல்லிருக்கு, வருது வருதுங்காங்க. ஆவி கோடு போட்டாப்புல நேரா பீச்சுற வரைக்கும் காத்து போற டேப்ப மூடமாட்டேன். பொறவு பதினஞ்சு பவுண்டு ஏறுனா வால்வு தூக்கும்ல, அதுலருந்து மணி பாத்து அரைமணி."

முறை ஒன்றுகூடத் தப்பில்லை. அதுதான் அவருக்கு எரிச்சலாக இருந்தது. முறையாகச் செய்கிறவளிடம் முள் இல்லை. முள் இருக்கிற இடத்தில் அதற்கு உயிர் இல்லை. வால்வின் ஸ்பிரிங் தளர்ந்து முன்னாலேயே தூக்கினால் இவளுக்கு எப்படித் தெரியும்? இரண்டு இடத்துக்கும் வித்தியாசம் காணக் கடைசி முயற்சியாக, மயக்க மருந்து கொடுப்பது யார் என்று கேட்டார். ராஜபாளையத்திலிருந்து ஸ்கூட்டரில் வருகிற டாக்டர்தான், அங்கேயும் அவர்தான் என்றாள். பீர் மைதீன் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார்.

வார்டில் ரஹ்மத்துன்னிசா ஒரு இரும்புக் கட்டிலில் சாய்ந்திருந்தாள். வெயிலில் வந்ததில் தொண்டை வறண்டு இரண்டுமுறை இருமினாள். நடையின் கோடியிலிருந்து செருப்புச் சத்தம் கேட்டது. தங்கபாய் தண்ணீர்த் தம்ளரோடு வந்து, முதுகைத் தடவிக் கொடுத்து, நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் போனாள்.

"ரெண்டும் சரியில்ல," என்றார் பீர் மைதீன். "மதுரைக்கே போயிருவமா?"

"அத்தா," என்றாள் மகள். "காலையில அந்த பட்டன நான் அமுக்குனேன்லா."

"ஆமா."

"மூணு வாட்டி அமுக்குனேன். நீங்க எல்லாரும் சண்ட போட்டு முடிச்சு, நாம படியெறங்குற வரைக்கும் ஒருத்தரும் வரல." தம்ளரைக் கீழே வைத்தாள். "இங்க பட்டனே இல்ல."

அவர் கட்டிலின் தலைமாட்டைப் பார்த்தார். ஒவ்வொரு குழாயாகத் தொட்டுப் பார்த்த தன் கை, காலையில் அந்தப் பட்டன் பக்கம் போகவே இல்லை என்பது உறைத்தது.

செவ்வாய்க்கிழமை காலை ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். காலடியில் துணிப் பெட்டி, ப்ளாஸ்க். பீர் மைதீனின் மடியில் பேண்டேஜ் துணியில் சுற்றிய கேஜ். ஆலை ஸ்டோரில் கேட்டு வாங்கி, பாய்லரில் மாட்டி, இரண்டு நாள் சரிபார்த்தது. டாக்டரம்மாவும் மாட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டாள்.

பாதி வழியில் அவர் திடீரென்று நிமிர்ந்தார்.

"என்னத்த முழிக்கிய?" என்றாள் மெகராஜ் பேகம்.

"ஒண்ணுமில்ல."

அடைப்பான் திருகியிருந்த இடத்தின் திருகு மரையை அளந்து பார்க்கவில்லை. அரை அங்குலமா, முக்காலா? அளவு மாறினால் இந்தக் கேஜ் அதில் ஏறாது. தம்ளரும் பட்டனுமாக மனம் போன நேரத்தில் அது விட்டுப்போயிருந்தது. நாளைக்குக் காலை எட்டு மணிக்கு ஆபரேஷன். துணியைப் பிரித்துக் கேஜின் அடிக்கழுத்தை விரலால் தடவினார். பக்கத்தில் மகள் தாயின் தோளில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். அவள் கை வயிற்றின் மேல் இருந்தது. பஸ் ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கி ஏறியபோது, கண்ணாடிக்குள் முள் ஒரு நூல் அளவு துள்ளி, நடுங்கி, மறுபடி பூஜ்யத்தில் வந்து நின்றது.