ஆறாம் பக்கத்துப் பட்டியல்

மொத்தமாகக் கட்டி வைத்திருந்த பழைய நாளிதழ்களை இரண்டு கையாலும் தாங்கித் தாங்கிப் புரட்டிக்கொண்டிருந்தாள் ஃபெமினா. அவசரப்பட்டால் தாளின் ஓரம் அப்பளமாய் நொறுங்கியது. புன்னக்காயலில் அப்பா தொம்மைக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருக்க வேண்டிய ஒரே மகளைப் பாளையங்கோட்டை நூலகத்துக்கு விரட்டியதும் அவர்தான்.

அவருக்கு நாலு வயதாகும்போது, கொழும்புக்குப் போன தோணி கவிழ்ந்தது. அதில் போன தகப்பன் சூசை திரும்பவில்லை. செத்ததற்கு அத்தாட்சி இல்லாமல் மரித்தோர் பூசை கூடாது என்று பிடிவாதமாக இருந்த அவருடைய அம்மா, தாலியோடே போய்ச் சேர்ந்தாள். பூசை இல்லாமல் தகப்பன் ஆத்துமா மோட்சம் சேராது உத்தரிக்கிற ஸ்தலத்தில் கிடந்து வேகிறது என்பதுதான் தொம்மையின் தீராத வேதனை. அந்த அத்தாட்சியைத் தேடித்தான் மகளை அனுப்பியிருந்தார்.

ஆறாம் பக்கத்தில் 'தோணி விபத்து: முதல் பக்கத் தொடர்ச்சி' என்று ஒரு பெயர்ப் பட்டியல். ஏழாவது பெயர்: புன்னக்காயல் அந்தோணி மகன் சூசை, வயது 29. உடனே போன் போட்டாள்.

"அப்பா, தாத்தா பேரு கிடைச்சிட்டு."

"பூசைக்கு... சொல்லிரு" என்றார் தொம்மை.

அம்மா மார்கரெட் போனை வாங்கினாள். "சிரிக்காருட்டி."

தலைப்பையும் படமெடுக்க முதல் பக்கத்துக்குப் போனாள் ஃபெமினா. 'தோணி விபத்தில் உயிர் தப்பியவர்கள்' என்றிருந்தது. கொழும்பில் கரைசேர்ந்து எல்லாரும் நலமாக இருக்கிறார்களாம். பெண்டாட்டி பிள்ளையை விட்டுவிட்டு ஒரு மனுசன் நலமாக இருந்திருக்கிறான். பாட்டி ஏன் தாலியைக் கழற்றவில்லை என்பதும் இப்போதுதான் உறைத்தது.

அப்பாவிடம் சொல்வதா வேண்டாமா? பஸ்ஸில் வழியெல்லாம் அதே யோசனை. ஏரல் தாண்டியதும் மார்கரெட் கூப்பிட்டாள். "அப்பா போயிட்டாருட்டி. பைய வா."

மறுநாள் அடக்கத்துக்கு முன் கோயில் உபதேசியார் ஜெய்சன் நோட்டோடு வந்தார். "தகப்பனுக்கும் சேத்து இன்னைக்கே பூசை வைக்கணும்னு தொம்மை அண்ணாச்சி சொல்லிட்டுப் போயிருக்காரு. கல்லறைச் சிலுவையிலயும் ரெண்டு பேரு பேரும் எழுதணுமாம். தாத்தா செத்த தேதி என்னம்மா?"

ஃபெமினா அம்மாவைப் பார்த்தாள்.

"சொல்லுட்டி. அதுக்குத்தான உசிரப் பிடிச்சிட்டுக் கெடந்தாரு."

நாளிதழில் இருந்த தேதியைச் சொன்னாள்.

"வயசு?"

"இருபத்தொம்பது."

"அடப் பாவமே, சின்ன வயசுல்லா" என்றபடி எழுதிக்கொண்டார் ஜெய்சன். சுற்றியிருந்த பெண்கள் சூசைக்காகவும் அழ ஆரம்பித்தார்கள். ஃபெமினா சவப்பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.