இருபத்து மூன்றாவது எபிசோட்

கடைக்கு வந்திருந்த பெண்மணி கைபேசியை எடுத்து, கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, "பேரு என்ன சொன்னீங்க?" என்று கேட்டார்.

"இன்னொரு தடவை."

"பேரு என்னன்னு கேட்டேன்."

"அதுதாங்க பேரு. இன்னொரு தடவை. பாட்காஸ்ட்னு சேர்த்துத் தட்டிப் பாருங்க."

பெண்மணி தட்டினார். முதலில் ஏதோ ஒரு பாட்டு வந்தது. அடுத்து அதே பாட்டு வேறொருவர் குரலில். அதற்கும் கீழே பழைய கார் வாங்கி விற்கும் இடம், மறுதேர்வு எழுதுகிறவர்களுக்கான வழிகாட்டி, காதில் விடும் சொட்டு மருந்துக்கு மூன்று விளம்பரங்கள். பெண்மணியின் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து, பரீட்சார்த்தமாகக் காதில் மாட்டிவிட்ட கருவியை ஒரு விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, வீட்டுக்குப் போய் நிதானமா பாக்கறேன்" என்று பெண்மணி கைபேசியைப் பைக்குள் போட்டார். பார்க்க மாட்டார் என்று அவளுக்குத் தெரியும். எத்தனை பேர் இப்படிப் பைக்குள் போட்டுவிட்டார்கள்.

காது கேட்கும் கருவி விற்கும் அந்தக் கடையில் அவளுக்குப் பத்தொன்பது வருஷம். காதுக்குள் மாவு போன்ற ஒன்றை வைத்து அச்செடுப்பாள், ஒலியைக் கூட்டிக் குறைத்துக் கொடுப்பாள், முதல் வாரம் எல்லாமே இரைச்சலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சலிக்காமல் சொல்லுவாள். ஊருக்கெல்லாம் மாட்டிவிடுகிற கைக்கு வீட்டில் ஒரு காது வசப்படவில்லை. அவள் கணவரின் கருவி நான்கு வருஷமாக அலமாரி இழுப்பறையில் பெட்டியோடு தூங்கியது. அச்சகத்தில் மிஷின் ஓட்டி ஓட்டிப் போன காது அவருடையது. போனதை அவர் ஒப்புக்கொள்ளவே ஆறு வருஷம் ஆயிற்று.

அந்த எரிச்சலில்தான் பாட்காஸ்ட் பிறந்தது. காது போனவர்களுக்கு ஆயிரம் பேர் புத்தி சொல்கிறார்கள். அவர்களோடு குடித்தனம் நடத்துகிறவர்களுக்கு யார் இருக்கிறார்கள்? இரண்டு வருஷத்தில் நாற்பத்தொரு எபிசோட். படுக்கையறையில் துணி அலமாரியைத் திறந்து வைத்து, எதிரொலி வராமல் இருக்க முகத்தைப் புடவைகளுக்குள் நுழைக்காத குறையாகப் பதிவு செய்வாள். கதவைச் சாத்தக்கூட மாட்டாள். ஐந்தடி தள்ளி, கூடத்தில், அவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பார். அவரைப் பற்றித்தான் பேச்சு. அவர் பிடிவாதம், அவர் கோபம், ஊமைப்படம் மாதிரி கழியும் சாப்பாட்டு வேளை. அவர் பக்கத்தைத் திருப்பும் சத்தம்கூட ஒன்றிரண்டு எபிசோடில் பதிவாகியிருந்தது. அதில் ஒரு சுகம் இருந்தது என்பதை அவள் யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை.

கேட்கிறவர்கள்தான் இல்லை. எபிசோடுக்கு முப்பது பேர். அதில் ஒருத்தி நாத்தனார், அதுவும் இரண்டு நிமிஷத்தில் நிறுத்திவிடுகிறவள்.

நாத்தனாருக்குச் செருப்பு விற்கும் இணையக் கடையில் வேலை. யார் எதைத் தேடினாலும் தங்கள் கடை முதலில் வந்து நிற்கும்படி பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை வந்தவள் சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து, எபிசோட் தலைப்புகளை ஒவ்வொன்றாகப் படித்தாள்.

"மௌனத்தின் சுவர். உதடுகளின் மொழி. இரண்டு தீவுகள். அண்ணி, இதையெல்லாம் யாரு தேடுவா?"

"கேக்கறதுக்கு நல்லா இருக்கில்ல?"

"நல்லா இருக்கு, கல்யாணப் பத்திரிகை மாதிரி. வீட்டுக்காரர் காதுல விழாம கத்திக் கத்தித் தொண்டை கட்டினவ என்ன தட்டுவா? 'கணவருக்குக் காது கேட்கவில்லை என்ன செய்வது'ன்னு தட்டுவா. அதைத் தலைப்பா வைங்க."

"அதான் உள்ள பேசியிருக்கேனே."

"பேசி என்ன பிரயோஜனம்? தேடுபொறி உக்காந்து உங்க குரலைக் கேக்கும்னா நெனக்கறீங்க? அது எழுத்தைத்தான் படிக்கும். ஒவ்வொரு எபிசோடையும் வார்த்தைக்கு வார்த்தை எழுதி, அதுக்குன்னு ஒரு பக்கத்துல போடுங்க. அப்புறம் பாருங்க."

கூடத்து மூலையிலிருந்து அவர் நிமிர்ந்து, தங்கையைக் காட்டி, "என்னவாம் குட்டிக்கு?" என்றார்.

"உங்களைப் பத்தி இல்ல" என்று அவள் உரக்கச் சொன்னாள். பொய் சொல்வதற்கும் கத்த வேண்டியிருந்தது.

வார்த்தைக்கு வார்த்தை. அதில்தான் அவளுக்குச் சிக்கல். கேட்கத்தானே அவரால் முடியாது. படிக்கப் பேஷாக முடியும். அதனால் முதல் இரண்டு எபிசோடுகளை எழுதும்போது அவரை அடியோடு உருவிவிட்டாள். 'என் கணவர்' வந்த இடத்திலெல்லாம் 'பாதிக்கப்பட்டவர்' வந்தார். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், பக்கம் தேடல் முடிவுகளின் ஏழாவது திரையில், யாரும் எட்டிப் பார்க்காத ஆழத்தில் கிடந்தது.

"மருந்து டப்பாவுக்குள்ள மடிச்சு வைக்கிற காகிதம் மாதிரி இருக்கு அண்ணி" என்றாள் நாத்தனார் போனில். "இதே மாதிரி ஆயிரம் பக்கம் இருக்கு. நீங்க பேசினதுல எது உங்களுது மட்டுமோ, அதை வெட்டாம போடுங்க. அண்ணன் பாப்பாருன்னு பயமா? அவர் போன்ல செஸ் தவிர என்ன பாத்தாரு?"

அதுவும் சரிதான். அவள் இருபத்து மூன்றாவது எபிசோடை எடுத்தாள்.

கணினியே கேட்டு எழுதித் தரும் என்றார்கள்; அது எழுதித் தந்ததைத் திருத்துவதற்குப் புதிதாகவே எழுதிவிடலாம் போலிருந்தது. மூன்று மத்தியானம் உட்கார்ந்தாள். பாதி வாக்கியம் கேட்பது, நிறுத்துவது, தட்டுவது, பின்னால் போவது. தன் குரலை இப்படித் துண்டு துண்டாகக் கேட்க நேரும் என்று யார் கண்டது. முகத்தைப் பார்த்துப் பேசுங்கள், அடுத்த அறையிலிருந்து கூப்பிடாதீர்கள், கத்தாதீர்கள் என்று அந்தக் குரல் குழைந்தது. அதைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே திரும்பிப் பார்க்காமல், "அடுப்பை அணைச்சீங்களா?" என்று கத்தினாள். எழுந்து போய் அணைத்துவிட்டு வந்து, 'கத்தாதீர்கள்' என்பதற்குப் பிறகு முற்றுப்புள்ளி வைத்தாள்.

அந்த எபிசோடின் உயிர் ஒரு சம்பவத்தில் இருந்தது. பேத்தி போனில் பேசியபோது அவருக்குப் புரியாமல் நான்கு முறை கேட்டார். குழந்தை, "தாத்தா வேணாம், பாட்டிகிட்ட குடு" என்றது. அவர் போனைக் கொடுத்துவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். 'நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். ஒன்றும் பேசவில்லை. தோளில் கை வைத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்' என்று அவள் பேசியிருந்தாள். அப்படியே தட்டினாள். விரல் ஓரிடத்திலும் தயங்கவில்லை.

பக்கம் ஏறத் தொடங்கியது. அறுபதாவது இடம், முப்பத்தொன்று, பன்னிரண்டு. மக்கள் என்ன தட்டி வந்து சேர்கிறார்கள் என்ற பட்டியலைத் தினமும் காலையில், பல் தேய்ப்பதற்கு முன்பே, திறந்து பார்த்தாள். அப்பா காது கேட்காமல் தனியாக அழுகிறார். காது மிஷின் மாட்ட மறுக்கும் கணவர். கணவரிடம் கத்திக் கத்தி வெறுத்துவிட்டது. எங்கெங்கோ வீடுகளில் யார் யாரோ தனியாக உட்கார்ந்து இதைத் தட்டியிருக்கிறார்கள். நான்காவது இடத்துக்கு வந்த அன்று கடையில் அவள் எல்லோரிடமும் சிரித்துப் பேசினாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அவர் சாப்பாட்டு மேஜையில், கைபேசியை எதிரே நிறுத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செஸ் இல்லை. திரையில் அவளுடைய பக்கத்தின் நீல நிறம்.

"முப்பத்தொரு வருஷம் இல்ல, இருபத்தொம்பது" என்றார்.

அவள் கைப்பையைக்கூட இறக்கி வைக்கவில்லை.

"அச்சகத்துல. முப்பத்தொண்ணுன்னு போட்டிருக்க."

"இது எப்படிக் கெடச்சுது?"

அவர் அவள் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டார். "தேடினேன். காது மிஷின் மாட்டினா தட்டு சத்தம் தலைவலின்னு போட்டேன். நாலாவதா வந்துது. யாரோ ஒரு பாவப்பட்ட பொம்பளைன்னு படிச்சுட்டே போனா, புருஷன் அச்சகத்துல வேலை பாத்தானாம்."

அவர் கருவியை இழுப்பறையிலிருந்து எடுத்து மாட்டிப் பார்த்திருக்கிறார். அவளுக்குத் தெரியாமல். யாரிடமும் கேட்காமல் கைபேசியிடம் போய்க் கேட்டிருக்கிறார். கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் தட்டுச் சத்தம் எப்படி இருக்கிறது, குழாய்ச் சத்தம் எப்படி இருக்கிறது என்று விசாரிக்கிறவள் அவள்.

"கல்லுப் பிள்ளையார்னு சொல்லியிருக்க. சொல்லிக்கோ. பிடிவாதக்காரன், அதுவும் சரி." விரலால் திரையை நகர்த்தினார். நிறுத்தினார். "இது நடக்கல."

அவள் குனிந்து பார்க்கத் தேவையிருக்கவில்லை.

"நீ உள்ள வரல. நான் முகம் கழுவிட்டு வெளிய வந்தப்ப துணி மடிச்சுட்டு இருந்த. குழாயைத் தொறந்து விட்டிருந்தேன், சத்தம் வெளிய வராதுன்னு. வந்துதா?"

"வந்துது."

"பெரிசாவா?"

தலையாட்டினாள். தான் எவ்வளவு உரக்க அழுகிறோம் என்பதுகூட அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

"அப்போ உனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் மடிச்சுட்டு இருந்த."

அவளுக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று பிரிக்க முடியாத கோபம். நாலாவது இடத்துக்கு ஒரு பக்கத்தை ஏற்றுவதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. உலகத்தில் இருக்கிற அத்தனை காதுகளையும் விட்டுவிட்டு இந்தக் கண்கள்தானா வந்து சேர வேண்டும்? எடுத்துவிடு என்று சொன்னால் சண்டை போடலாம். நூறு பெண்கள் படிக்கிறார்கள், உங்களுக்காக அழிக்க முடியாது என்று சொல்ல வாக்கியம் தயாராகவே இருந்தது. அவர் அதைச் சொல்லவில்லை.

"ஏன் வரல?" என்றார்.

"காலையிலேர்ந்து ஒரே விஷயத்தை நாலு தடவை சொல்லித் தொண்டை போயிருந்துது. மிஷினை மாட்டியிருந்தா குழந்தை சொன்னது கேட்டிருக்கும்ல. அதனால..." குரல் இறங்கியது. "நல்லா வேணும்னு தோணிச்சு."

அவர் காதுக்குப் பின்னால் கையை வைத்து முன்னே சாய்ந்தார். "என்ன தோணிச்சு?"

முகத்தைப் பார்த்து, உதடு தெரிகிற மாதிரி, நிதானமாக, தெளிவாகச் சொல்ல வேண்டும். அதைத்தானே நாற்பத்தொரு எபிசோடாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சொன்னாள். மாடியில் இருப்பவர்களுக்குக்கூடக் கேட்டிருக்கும்.

அவர் கைபேசியை மேஜையில் கவிழ்த்து வைத்தார். "ம்" என்றார். பிறகு, "அப்படின்னா அதைப் போடு" என்று எழுந்து போனார்.

இரண்டு நாள் வீட்டில் யாரும் யாரையும் கூப்பிடவில்லை. திரும்பத் திரும்ப அந்தக் குளியலறைக் காட்சியை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தாள். அந்த ஈரத் தோள், அவர் பிடித்த கை, எல்லாம் அப்படியே இருந்தன. நடக்காத ஒன்று இவ்வளவு துல்லியமாக எப்படி ஞாபகம் இருக்கும்? முதல் முறை பேசும்போது பொய் என்று தெரிந்துதான் பேசினாளா? அதுகூடச் சரியாகத் தெரியவில்லை. ஒருவேளை அங்கே, புடவைகளுக்கு நடுவே, அவள் நிஜமாகவே கதவைத் திறந்திருக்கலாம். அவருக்குத் தெரியாத இடத்தில் மட்டும் அவளுக்கு அவர் மேல் அவ்வளவு பிரியம் இருந்தது.

மூன்றாம் நாள் அந்தப் பகுதியை அழித்துவிட்டு, 'நான் உள்ளே போகவில்லை. துணி மடித்தேன். நல்லா வேணும் என்று தோன்றியது' என்று எழுதினாள். எழுத்து ஒன்று, குரல் ஒன்று என்று இருக்க முடியாதே. அலமாரியைத் திறந்து அதை மறுபடி பதிவு செய்தாள். ஏழு முறை வேண்டியிருந்தது. முப்பத்தொரு வருஷத்தையும் இருபத்தொன்பது என்று மாற்றினாள்.

வாரம் முடிவதற்குள் பக்கம் பதினோராவது இடத்துக்கு இறங்கியிருந்தது.

"என்ன அண்ணி பண்ணித் தொலைச்சீங்க?" என்றாள் நாத்தனார். "ஏறிட்டு இருக்கற பக்கத்துல கையை வைக்காதீங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். எவ்வளவு அழகா இருந்துது அந்த இடம். நானே அழுதேன். படிக்கறவங்களும் பாதியிலயே மூடிட்டுப் போறாங்க போல."

"நடந்தது அதான்."

"நடந்ததை யாரு கேட்டா?"

அவள் போனை வைத்தாள். பதினொன்று. அடுத்த திரை. அங்கே யாரும் போவதில்லை. மாற்றியதை மாற்ற இரண்டு நிமிஷம் போதும். பழைய பதிவு கணினியில் பத்திரமாக இருந்தது. விரல் அதன் மேல் போய் நின்றதும் உண்மை. தோளும் கையும் தேடி வருகிற அந்தப் பெண்களுக்கு அது கிடைத்தால்தான் என்ன கெட்டுப்போயிற்று? தன் மேலேயே எரிச்சல் வந்து கணினியை மூடினாள்.

"மத்ததெல்லாம் எப்ப எழுதப் போற?"

அவர் அறை வாசலில் நின்றிருந்தார். காதில் ஒன்றுமில்லை. கண்ணாடி மட்டும் போட்டிருந்தார்.

"எதுக்கு?"

"அதுலயும் நான் இருக்கேன்ல. எத்தனை பாக்கி?"

"முப்பத்தெட்டு." விரலாலும் காட்டினாள்.

முப்பத்தெட்டு. ஆறாவதில் இருவரும் விழுந்து விழுந்து சிரித்ததாகப் பேசியிருந்தாள். பதினான்கில் அவர் மன்னிப்புக் கேட்டார். முப்பதில் அவள் மன்னித்தாள். எது எந்த அளவுக்கு நடந்தது என்று இப்போது அவளால் அடித்துச் சொல்ல முடியவில்லை. சாட்சி ஒருவர்தான், அவர் கூடத்திலிருந்து நாற்காலியைத் தரையில் இழுத்துக்கொண்டு வந்தார். அந்த இழுப்பின் கர்ண கடூரம் அவருக்கு எட்டவில்லை. அவள்தான் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஆறாவது எபிசோடைத் திறந்து ஓடவிட்டாள். அவள் குரல் பேசியது. அவர் திரையைப் பார்த்துக் காத்திருந்தார். நிறுத்தினாள், தட்டினாள், பின்னால் போய் மறுபடி கேட்டாள், தட்டினாள். இரண்டாவது வாக்கியம் பாதியில் இருக்கும்போதே அவர் விரல் அவள் தோளுக்கு மேலாக நீண்டு வந்து திரையைத் தொட்டது.

"இது எப்ப?"

"இன்னும் முடிக்கவே இல்ல" என்றாள் அவள், அவர் பக்கம் முழுசாகத் திரும்பி. "முடிச்சப்புறம் கேளுங்க."