பத்துக்கு எத்தனை

1.

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு பிசியோதெரபி அறையில். கதை தேடியெல்லாம் போகவில்லை, இடுப்பு பிடித்துக்கொண்டது, போனேன். அங்கே முன்னாள் படைவீரர்கள் ஐந்து பேர் வட்டமாக நாற்காலி போட்டு, உட்கார்ந்து எழுந்து பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். ஐவருக்கும் வருடக்கணக்கில் தீராத வலி. எழுத்தாளன் புத்தி சும்மா இருக்குமா? வீட்டுக்கு வந்ததும் எழுதினேன்:

குண்டு வெடித்த அந்தக் கணத்தில் அவருடைய முதுகெலும்பு

(இதோடு நிறுத்திவிட்டேன். அந்த ஐவரில் ஒருவரான என் கதாநாயகர் யாரையும் சுட்டதில்லை. படையில் அவர் சமையல்காரர். துணைக்கு ஆள் வரும்வரை பொறுக்காமல் கொதிக்கிற அண்டாவைத் தனியாக இறக்கப்போய் முதுகு போயிற்று. கூட்டாளிகளுக்கு அவர் இன்றும் ‘அண்டா’தான். குண்டு இருந்திருந்தால் கதை எடுப்பாக இருந்திருக்கும். என்ன செய்வது, இருப்பதை வைத்து ஒப்பேற்றுவோம்.)

2.

மறுபடியும் தொடக்கம். அண்டா பல வருடங்கள் ஓர் அறையில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தார். கதவைத் திறந்தால் எரிந்து விழுவார். மனைவிதான் விடாப்பிடியாக இந்த வகுப்புக்கு இழுத்து வந்தார்.

“இப்பல்லாம் குளிக்கும்போது பாடுறாருங்க,” என்று வெளியே பெஞ்சில் அந்த அம்மா என்னிடம் சொன்னார். “கேக்கச் சகிக்கல. ஆனா நிறுத்தச் சொல்ல மனசு வரல.”

[இங்கே ஒரு கட்டுரைத் துண்டு. வேண்டாதவர்கள் தாண்டிப் போகலாம். நான் உட்கார்ந்ததே இதை எழுதத்தான். வலி நாட்பட்டால் உடம்புக்குள் அழற்சி கனன்றுகொண்டே இருக்கக்கூடுமாம். அது மனதையும் படுக்கப்போடுமாம். தசை அளவாக வேலை செய்தால், அந்தத் தசையே எதையோ சுரந்து அழற்சியைத் தணிக்குமாம். அளவு மீறினால் வம்பு. எல்லாருக்கும் இப்படித்தான் என்று மருத்துவர் சொல்லவில்லை. அண்டாவின் இரத்தப் பரிசோதனையில் அழற்சி குறைந்திருக்கிறது என்றார். எனக்கு அது போதும். இத்தனை காலம் நொந்து கிடந்த அதே உடம்பு, எழுந்து நட என்றதும் தனக்கான மருந்தைத் தானே செய்யத் தொடங்குகிறது. இதைவிடப் பெரிய வாக்கியம் என் கைவசம் இல்லை.]

3.

இனிச் சிக்கல். பயிற்சி தரும் பெண்ணை எல்லாரும் பிசியோ என்பார்கள். வகுப்பு தொடங்கும்போது அவர் ஒவ்வொருவராகக் கேட்பார்: “வலி பத்துக்கு எத்தனை?” முதல் நாற்காலி கேப்டனுக்கு. அவர் “ரெண்டு” என்பார். மற்ற நால்வரும் வரிசையாக “ரெண்டு.” மேலதிகாரிக்கே ரெண்டு என்றால் கீழே இருப்பவனுக்கு மூன்று எப்படி வரும்? படையை விட்டு வந்தும் பழக்கம் விடவில்லை. பிசியோவும் மகிழ்ந்துபோய்ப் பயிற்சி எடையைக் கூட்டிக்கொண்டே போனார். அண்டாவின் முதுகு மறுபடி அனலாய்க் கொதிக்க ஆரம்பித்தது.

“உள்ளதைச் சொல்லித் தொலைங்களேன்,” என்றார் மனைவி.

“சொன்னா வீட்டுக்கு அனுப்பிருவாங்க. வலிக்குதுன்னு சொன்னவன டூட்டியில வச்சிருப்பாங்களா? மறுபடி அந்த ரூமுக்குள்ள என்னால போக முடியாது.”

(முதல் வரைவில் இவரை வீரராக்கி இந்தப் பேச்சை அடித்துவிட்டேன். படித்துப் பார்த்தேன், ஆளே செத்துக் கிடந்தார். திரும்பச் சேர்த்துவிட்டேன்.)

4.

அடுத்த பரிசோதனையில் அண்டாவின் அழற்சி ஏறியிருந்தது. வாய் ரெண்டு என்கிறது, இரத்தம் வேறு சொல்கிறது. பிசியோ யோசித்தார்.

“இன்னைக்குக் கடைசியிலருந்து வருவோம். ஐயா, நீங்க சொல்லுங்க.”

கடைசி நாற்காலி அண்டாவுடையது. அவர் கேப்டனைப் பார்த்தார். கேப்டன் தரையைப் பார்த்தார்.

முடிவு ஒன்று: “ரெண்டு” என்கிறார். எடை கூடுகிறது. ஒரு வாரத்தில் அந்த அறைக்கதவு மறுபடியும்

(எழுதக் கை வரவில்லை. நான் பார்த்ததையே சொல்கிறேன்.)

“எட்டு,” என்றார். பிறகு அவசரமாக, “எட்டும்மா. என்னை நிறுத்திராதீங்க.”

“எதுக்கு நிறுத்தணும்? எடையைக் குறைச்சா போச்சு. அடுத்த கிளாஸுக்கும் ஒழுங்கா வரணும்.”

அவ்வளவுதான். அண்டா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். ஒரு மனிதர் ஓர் எண்ணைச் சொல்ல இவ்வளவு தைரியம் வேண்டியிருக்கிறதே என்று, இடுப்பைப் பிடித்தபடி, நான் மலைத்து நின்றேன்.

5.

அடுத்தவர் ஏழு என்றார். அதற்கடுத்தவர் ஆறு. நான்காமவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, எட்டரை சொல்லலாமா என்று கேட்டார்.

மிச்சம் கேப்டன். வாழ்நாள் முழுக்க முதலில் பேசியவர், இப்போது எல்லாருக்கும் பின்னால் வாயைத் திறக்கிறார். அவர் சொன்னது எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். அந்த எண்ணை நீங்கள் போடுங்கள். போடுவதற்கு முன் ஒன்று: அவர் ரெண்டு என்றால், அடுத்த வகுப்பில் அண்டாவும் ரெண்டு என்பார். துண்டை முகத்திலிருந்து எடுத்துவிட்டு அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.