தோப்புக்குள் நடந்த வெளிச்சம்

“ஏட்டி ஜுஹைனா, தூங்கிட்டியா?”

“தூங்குனா போன எடுப்பனா? எதுக்குட்டி இப்படிக் குசுகுசுன்னு பேசுத?”

“ஏட்டையா தோப்புல ஆளு நடமாடுது. டார்ச் வெளிச்சம் தெரியுது.”

இலஞ்சியில் தன் வீட்டு மாடியில், தண்ணீர் டேங்கை ஒட்டிப் போர்வைக்குள் ஒடுங்கி, போனும் காதுமாக உட்கார்ந்திருந்தாள் முத்துச்செல்வி. தோழி ஜுஹைனாவின் மாமா கல்யாண வீடுகளில் படமெடுக்கத் தூக்கிப்போன பழைய கேமரா, எதிரே ஸ்டாண்டில் நின்று, தோப்புக்கு மேலாகக் குற்றாலத்து மலையைப் பார்த்துத் தன்பாட்டுக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. விடிய விடிய எடுத்த படங்களை வரிசையாகக் கோத்து ஓட்டினால் நட்சத்திரங்கள் மந்தை மந்தையாக மலைக்குப் பின்னால் இறங்கும். திங்கட்கிழமை பள்ளிக்கூடக் கண்காட்சியில் அதைக் காட்டுவேன் என்று வகுப்பு முழுக்கச் சவடால் அடித்திருந்தாள். அமாவாசை இருட்டு வேண்டும். அடுத்த அமாவாசைக்குப் பிளஸ் டூ பரீட்சை நடந்துகொண்டிருக்கும். இந்த ராத்திரியை விட்டால் வேறு ராத்திரி கிடையாது.

இதுவும் சும்மா கிடைக்கவில்லை. பக்கத்துத் தோப்புக்காரர் பேச்சிமுத்து, போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். தேங்காய் களவு போனதிலிருந்து, கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கட்டுகிற மாதிரி ஒரு ஃபோகஸ் லைட்டைத் தோப்பு நடுவில் கட்டிவிட்டார். அது எரிந்தால் வானம் வெளுத்துப்போகும். அவரிடம் பேசவே தெருவில் பாதிப் பேருக்கு நடுக்கம். முத்துச்செல்வி சாயங்காலம் நேரே போய்க் கேட்டாள்.

“நச்சத்திரத்தப் படம் புடிக்க நான் லைட்ட அணைக்கணுமாக்கும். நல்ல கதையா இருக்கே!”

“ஒரே ஒரு ராத்திரிதான் ஏட்டையா. நான் மாடியில முழிச்சிருந்து ஒங்க தோப்பையும் பாத்துக்கிடுதேன்.”

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “செரி. ஒரு காய் கொறஞ்சாலும் ஒங்கப்பன்ட்ட கேக்க மாட்டேன். ஒன்ட்டதான் கேப்பேன்.”

அந்தத் தோப்புக்குள்தான் இப்போது வெளிச்சம் நடந்துகொண்டிருந்தது.

“கத்துட்டி!” என்றாள் ஜுஹைனா.

“கத்துனா அவரு எந்திரிச்சு லைட்டப் போட்டுருவாரு. அதோட என் படம் போச்சு.”

“அப்பம் கத்தாத.”

“காய் போச்சுன்னா? எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அவரு முன்னால போய் நிக்க? பயமா இருக்குட்டி. கையெல்லாம் வெடவெடங்குது.”

“அந்தக் கையோட கேமராவத் தொட்டுறாத. ஆடிச்சுன்னா அம்புட்டும் வீணு.”

பயத்திலும் முத்துச்செல்விக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் கொஞ்சம் புத்தியும் வந்தது. எடுத்த படங்களைத் திருப்பிப் பார்க்கலாமென்றால், படமெடுப்பது நின்றுவிடும். நட்சத்திரங்கள் நடுவில் ஒரு துள்ளு துள்ளும். ஆனால் ஒவ்வொரு படமும் எடுத்து முடிந்ததும் பின்பக்கத் திரையில் ஒரு நொடி வந்து மறையும். மூச்சை அடக்கிக்கொண்டு திரைக்கு முன்னால் முகத்தைக் கொண்டுபோனாள்.

படத்தில் ஆளைக் காணோம். இருபது விநாடி கண் திறந்திருக்கிற கேமராவுக்கு நடக்கிற மனிதன் அகப்படமாட்டான். அவன் கையிலிருக்கிற வெளிச்சம்தான் கோடாக விழும். அந்தக் கோடு ஒரு தென்னையின் அடியில், மூட்டில், முடிச்சாக நின்றது. அங்கிருந்து நீண்டு அடுத்த மூட்டில் ஒரு முடிச்சு. அடுத்த படத்தில் இன்னும் இரண்டு. பூக் கட்டினது போல இருந்தது.

“ஜுஹைனா, களவாங்க வந்தவன் லைட்ட எங்கன அடிப்பான்?”

“மேலதான். காய் கொண்டையிலதான கெடக்கு.”

“இந்த ஆளு ஒரு தடவகூட மேல அடிக்கல. ஒவ்வொரு மூடா நிக்கான், பாக்கான், அடுத்த மூட்டுக்குப் போறான்.”

“கிறுக்கனா இருப்பானோ?”

“அது ஏட்டையாதான்ட்டி! மனுசன் ரோந்து சுத்துதாரு!”

“நெசமாவா? தப்பாப் போச்சுன்னா நீதான் மாட்டுவ.”

“மாட்டுனா மாட்டுதேன். நான் கத்தப் போறதில்ல.”

போர்வையை இழுத்து மூடி, விடியும்வரை அந்த வெளிச்சத்தைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலையில் பால்காரருக்குப் பின்னாலேயே பேச்சிமுத்து வாசலில் வந்து நின்றார். “கீழ விழுந்த காய்கூட அப்படியே கெடக்கு. என்னத்தப் புடிச்ச, காட்டு.”

படங்களைக் கோத்து முடித்திருந்த லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினாள். மேலே நட்சத்திரங்கள் எங்கும் தடுக்காமல் சரிந்து சரிந்து மலைக்குள் இறங்கின. கீழே தோப்புக்குள் ஒரு மின்மினி, தலைபோகிற அவசரத்தில் மரம் மரமாக ஓடியது.

“யாரு அது?”

“நீங்கதான் ஏட்டையா.”

அவர் தொண்டையைச் செருமினார். “ஃபோகஸ் லைட்டத்தான அணைக்கச் சொன்ன? டார்ச்சப் பத்தி நீ ஒண்ணும் சொல்லலியே.”

“சொல்லல ஏட்டையா.”

“திருப்பிப் போடு.”

மூன்று தடவை ஓட்டிக் காட்டினாள். ஒரு தடவைகூட அவர் வானத்தைப் பார்க்கவில்லை. மூன்றாவது தடவை திரையில் விரலை ஊன்றினார்.

“நிப்பாட்டு, நிப்பாட்டு. இங்க பாரு, வடக்கு வரிசைக்குப் போவாமலே திரும்பி வந்திருக்கேன்!”

கொடுத்த காப்பியைக்கூடத் தொடாமல், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தோப்பைப் பார்க்க ஓடினார்.